தேடத் தவறிய நொதி: பெங்களூருத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 46. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை மேற்பார்வையாளர். வீடு ஸ்ரீராமபுரத்தில். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன குடும்பம். அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இவர் பெங்களூருக்கு வந்துவிட்டார். தங்கையும் தம்பியும் இன்னும் தங்கவயலில்தான் இருக்கிறார்கள். தம்பி மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மரபியலுக்கு வேண்டியவற்றில் கைவைக்கவில்லை.

மலத்தில் ரத்தம் போவது ஒரு வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது. மூலம் என்று களிம்பு, பிறகு நாட்டு மருந்து, பிறகு வேறொரு களிம்பு. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. கொலனோஸ்கோபியில் ஏறுகுடலில் ஒரு புற்றுக்கட்டி. அதைத் தவிரப் பெருங்குடல் நெடுக நாற்பதுக்கும் மேற்பட்ட பாலிப்புகள், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள். அறுவை சிகிச்சையில் பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை மலக்குடலோடு இணைத்தார்கள். நல்லபடியாகத் தேறினார். அதன்பின்தான் மரபணு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பப்பட்டார்.

அவரோடு மனைவியும் அம்மாவும் வந்திருந்தார்கள். பரம்பரை நோயாக இருக்கலாம் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அம்மா குறுக்கிட்டார்: "எங்க ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் இது வந்ததில்ல கண்ணு. எங்க அம்மா தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க. இதெல்லாம் அந்த சயனைடு மண்ணாலதான்."

தங்கவயலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சயனைடு மேடுகள் தெரியும். தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவுமண், ஊருக்கு நடுவிலேயே மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். அங்கே வாழ்ந்தவர்கள் எந்த நோய்க்கும் அதைக் குற்றஞ்சாட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் நடந்தது வேறு. அதைக் கட்டியே எழுதிவைத்திருந்தது.

குடும்ப மரம்

அப்பா நுரையீரல் நோயில் இறந்தார், குடலில் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 70 வயது, திடமாக இருக்கிறார். பிள்ளைகள் நால்வர். மூத்த அண்ணன் 41 வயதில் "வயித்துல கட்டி" என்று இறந்துவிட்டார். காகிதங்கள் எதுவும் மிச்சமில்லை. இரண்டாமவர் நம் நோயாளி. அடுத்து 43 வயதுத் தங்கை, 38 வயதுத் தம்பி.

பரம்பரையாக நிறைய பாலிப் வருவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது, பாலிப் முளைக்காமல் தடுக்கும் ஏபிசி மரபணு. அது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரே ஒரு பிரதி வந்தால் போதும்; தலைமுறைதோறும் யாராவது ஒருவரிடம் தலைகாட்டும். இங்கே பெற்றோர் இருவரும் சுத்தம், பிள்ளைகளில் இருவருக்கு நோய். நான் கேட்ட கேள்வி மிக எளிது: "அம்மா, நீங்க சொந்தத்துல கட்டினவங்களா?"

"என் மாமனைத்தான் கட்டிக்கிட்டேன். எங்க அம்மாவோட கூடப் பொறந்த கடைசித் தம்பி."

தாய்மாமன் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஏதோ ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகன் திருமணத்தில் அது பதினாறில் ஒரு பங்கு. தொண்ணூறு வயது வரை கல்லாக இருந்த பாட்டிக்கும் அவருடைய தம்பிக்கும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் உடம்புக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. அது மகள் வழியாகவும் தம்பி வழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேரும்போதுதான் வெளியே தெரியும். "மேலே யாருக்கும் இல்லை" என்ற வாக்கியம் நம் குடும்பங்களில் எவ்வளவு நிம்மதியைத் தருகிறதோ, ஒடுங்கு பண்பு நோய்களில் அவ்வளவு பொருளற்றது. நோய் விவரப் படிவங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று செங்குத்தாகவே கேட்கின்றன. கூடப் பிறந்தவர்களையும் சொந்தத் திருமணத்தையும் முதல் வரியில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டி சொன்னது

கட்டித் திசுவில், டிஎன்ஏவின் பொருந்தாச் சோடிகளைத் திருத்தும் நான்கு புரதங்களும் இருந்தன. ஆகவே அந்தப் புரதங்கள் பழுதாவதால் வரும் பரம்பரைக் குடல்புற்றான லிஞ்ச் நோய்க்குறி அநேகமாக இல்லை. ரத்தத்தில் ஏபிசி மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்கவில்லை. ஆனால் கட்டியின் உள்ளே ஏபிசி இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. டிஎன்ஏவின் எழுத்துகள் நான்கு காரங்கள்: அடினின் (ஏ), குவானின் (ஜி), சைட்டோசின் (சி), தைமின் (டி). எதிரெதிர் இழைகளில் ஏ டியோடும், ஜி சியோடும் சோடி சேரும்; மூன்று எழுத்து சேர்ந்தால் புரதத்தின் ஓர் அமினோ அமிலத்துக்கான குறி. இரண்டு இடங்களிலும் ஜிஏஏ என்ற மூன்றெழுத்து டிஏஏ ஆகியிருந்தது. ஜிஏஏ என்றால் குளூட்டமிக் அமிலம். டிஏஏ என்றால் "இத்தோடு நிறுத்து". செல் பெருகுவதைத் தூண்டும் கேராஸ் மரபணுவின் 12ஆம் இடத்திலும் ஜிஜிடி மாறி டிஜிடி ஆகியிருந்தது. கிளைசின் போய் சிஸ்டீன் வந்திருந்தது.

மூன்று மாற்றங்கள், மூன்றிலும் ஜி இருந்த இடத்தில் டி. இது தற்செயலாக நடக்க வாய்ப்பு குறைவு. கட்டி அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே எந்த மரபணுவைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம், இதே கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

2002இல் வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் அதன் பெயர் 'குடும்பம் என்'. மூன்று உடன்பிறப்புகளுக்குப் பெருங்குடலில் ஏராளமான கட்டிகள்; பிறவி ஏபிசி பழுது இல்லை. அவர்களின் 11 கட்டிகளில் ஏபிசியை முடக்கிய 18 மாற்றங்களைக் கண்டார்கள். அதில் 15 மாற்றங்கள் ஜி-சி சோடி டி-ஏ சோடியாக மாறியவை. பாக்டீரியாவில் மியூட்-ஒய் என்ற நொதி இல்லாவிட்டால் இதே வகைப் பிழை குவியும் என்பது முன்பே தெரிந்திருந்தது. மனிதரில் அதன் இணையான மியூட்-ஒய்-எச் மரபணுவைப் படித்தார்கள். மூவருக்கும் இரண்டு பிரதிகளும் பழுது. காரத்தை வெட்டியெடுத்துத் திருத்தும் வழியில் பிறவிக் குறை ஏற்பட்டால் மனிதருக்கு நோய் வரும் என்று முதன்முதலாகக் காட்டிய ஆய்வு அது.

குவானின் கெடுவதும் மூன்று காவல்களும்

டிஎன்ஏவின் நான்கு காரங்களில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது குவானின். மைட்டோகாண்ட்ரியா மூச்சு விடும்போது கசியும் வினைமிகு ஆக்சிஜன் அதைத் தாக்கி 8-ஆக்சோகுவானின் ஆக்குகிறது. எட்டாம் கார்பனில் ஓர் ஆக்சிஜன், ஏழாம் நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன்: அவ்வளவுதான் வேறுபாடு. அந்தச் சின்ன மாற்றத்தால் அது, தன்னை இழையோடு இணைக்கும் சர்க்கரையின் மேல் புரண்டு, சைட்டோசினுக்குப் பதில் அடினினோடும் கைகோத்துக்கொள்ளும். அந்தத் தவறான சோடியின் வடிவம் சரியான சோடியைப் போலவே இருப்பதால், நகலெடுக்கும் நொதியின் பிழைதிருத்தமும் அதை விட்டுவிடுகிறது. அடுத்த நகலில் அந்த அடினினுக்கு எதிரே தைமின் வந்து உட்காரும். ஜி இருந்த இடம் டி ஆகிவிட்டது. இனி அதைப் பழுது என்று அடையாளம் காண யாராலும் முடியாது. எழுத்து எழுத்தாகவே நல்ல டிஎன்ஏ.

இதைத் தடுக்க உயிர் மூன்று காவல்களை வைத்திருக்கிறது. நகலெடுப்புக்கான மூலப்பொருளிலேயே கெட்ட குவானினை ஒழிப்பது எம்டிஎச்1. டிஎன்ஏவில் சைட்டோசினுக்கு எதிரே இருக்கும் 8-ஆக்சோகுவானினை வெட்டியெடுப்பது ஓஜிஜி1. இந்த இரண்டையும் தாண்டி நகலெடுப்பு முடிந்து, கெட்ட குவானினுக்கு எதிரே அடினின் வந்துவிட்டால், அந்த அடினினை வெட்டியெடுப்பது மியூட்-ஒய்-எச். கடைசிக் காவல் அதுதான்.

தேடுவது எப்படி

நம் நோயாளியின் மனைவி கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வந்தது. அவர் பத்தாவது வரை படித்தவர், துணிக்கடையில் கணக்குப் பார்ப்பவர். "அவ்ளோ எழுத்துல ஒரு எழுத்து கெட்டுப்போனா அதுக்கு எப்படி மேடம் தெரியும்?" இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான். 320 கோடி காரச்சோடிகள் கொண்ட தொகுதி, ஒரு செல்லில் இரண்டு பிரதிகள். அதற்குள் தினமும் ஆயிரக்கணக்கான காயங்கள். பியூரின் காரங்கள் (அடினின், குவானின்) தாமாகக் கழன்று விழுவது மட்டுமே ஒரு செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 என்று தோமஸ் லிண்டால் 1970களில் கணக்கிட்டார். டிஎன்ஏவில் இருக்கக்கூடாத யுராசில் என்ற காரத்தை வெட்டும் முதல் கிளைகோசிலேஸ் நொதியை (கெட்ட காரத்தைச் சர்க்கரையிலிருந்து அறுத்தெடுக்கும் வகை) 1974இல் கண்டதும் அவரே. 2015இல் வேதியியல் நோபல் பரிசை பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் காயங்கள் பெரும்பாலும் உருவத்தில் சின்னவை. இழையை வளைக்காது, கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்காது. சுருளுக்குள் அடுக்கப்பட்ட காரத்தின் முகம் வெளியே தெரியாது. ஆக நொதி தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கரைசலில் மிதந்து மோதி மோதித் தேடினால் காலம் போதாது. நொதி டிஎன்ஏ மேல் மெல்ல ஒட்டிக்கொண்டு இழையோடு வழுக்கிச் செல்கிறது. அவ்வப்போது விட்டு, பக்கத்தில் வேறோர் இடத்தில் குதித்து உட்காருகிறது. இந்தக் கருத்துக்கு ஓட்டோ பெர்க், பீட்டர் வான் ஹிப்பெல் குழு 1981இல் கணித அடித்தளம் போட்டது. கண்ணால் பார்த்தது 2006இல்: ஹார்வர்டில் சன்னி ஷீ, கிரகரி வெர்டீன் ஆகியோர் குழு, நீட்டிக் கட்டிய டிஎன்ஏ மேல் ஒளிரும் ஓஜிஜி1 மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. அவை முன்னும் பின்னுமாக, திசையில்லாமல், ஆற்றல் எதுவும் செலவழிக்காமல் வழுக்கின. திசையில்லாமல் அலைவதால் இந்த வேகத்தைத் தூரத்தின் வர்க்கத்தில்தான் அளக்கிறார்கள்: நொடிக்குச் சுமார் 50 லட்சம் (காரச்சோடி)². அந்த வேகத்தில் ஒரு முழு நொடி ஒட்டியிருந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 3,000 காரச்சோடி தள்ளிப் போயிருக்கும். நடுவில் உள்ள இடங்களைத் திரும்பத் திரும்பத் தடவியிருக்கும்.

அந்த வேகத்தில் ஒவ்வொரு காரத்தையும் வெளியே புரட்டிப் பார்க்க நேரமில்லை. அப்படியானால் எதை உணர்கிறது? பாக்டீரிய நொதிகளில் வெர்மான்ட்டில் சூசன் வாலஸ் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நொதியின் பினைல்அலனின் என்ற ஓர் அமினோ அமிலம், ஆப்பு மாதிரி, காரங்களின் அடுக்குக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டே போகிறது. 2011இல் அந்த ஆப்பை எடுத்துவிட்டு அலனின் என்ற சிறிய அமினோ அமிலத்தை வைத்தார்கள். நொதி முன்னைவிட வேகமாக ஓடியது. அதாவது, ஆப்பு நொதியைத் தடுத்துத் தடுத்து நிறுத்தியதே தேடல். முறத்தில் அரிசியைத் தள்ளும்போது கண் வேறெங்கோ இருந்தாலும் விரல் கல்லில் நிற்குமே, அந்த நிற்றல்தான் இது. கெட்ட காரம் இருக்கும் இடத்தில் அடுக்கு தளர்ந்திருக்கும், ஆப்பு ஆழமாக இறங்கும், சுருள் வளையும், காரம் வெளியே புரண்டு நொதியின் குழிக்குள் வரும்.

குழிக்குள்ளும் ஒரு சோதனை உண்டு. ஓஜிஜி1 நல்ல குவானினைத் தொட்டுப் பார்த்த நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்தி, 2005இல் வெர்டீன் குழு படிக அமைப்பு எடுத்தது. நல்ல குவானின் சுருளை விட்டு வெளியே வந்திருந்தது, ஆனால் குழியின் வாசலோடு நின்றுவிட்டது. கெட்டதை உள்ளே விடுவது முக்கியமாக ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு: ஏழாம் நைட்ரஜனில் புதிதாக வந்த அந்த ஹைட்ரஜனை, நொதியின் 42ஆம் கிளைசின் பிடித்துக்கொள்கிறது. நல்ல குவானினில் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.

மியூட்-ஒய்-எச்சின் தனிச் சிக்கல்

ஓஜிஜி1 கெட்ட காரத்தைத் தேடுகிறது. மியூட்-ஒய்-எச் வெட்ட வேண்டியதோ அடினின். அதில் ஒரு கோளாறும் இல்லை. டிஎன்ஏவில் கோடிக்கணக்கில் இருக்கும் அதே அடினின். தவறான இடத்தில் இருப்பது மட்டுமே அதன் குற்றம். ஆகவே இந்த நொதி ஒரு காரத்தைக் கண்டுபிடித்து அதன் எதிரில் இருப்பதை வெட்ட வேண்டும். அடினினோடு சேர்வதற்காகப் புரண்டு கிடக்கும் 8-ஆக்சோகுவானினின் இரண்டாம் கார்பனில் இருக்கும் அமினோ தொகுதி, சுருளின் பெரிய பள்ளத்தில் துருத்தி நிற்கிறது. சாதாரணச் சோடி எதிலும் அந்த இடத்தில் அது இருக்காது. கலிபோர்னியாவின் டேவிஸில் ஷீலா டேவிட் குழு இந்த அமினோ தொகுதியே முதல் அடையாளம் என்று காட்டியிருக்கிறது.

அடையாளம் கண்டபின் அடினின் குழிக்குள் புரள்கிறது. நொதியின் டைரோசின் என்ற ஓர் அமினோ அமிலம், கெட்ட குவானினின் பக்கத்தில் ஆப்பாக நுழைந்து அதை நிலைநிறுத்துகிறது. சர்க்கரைக்கும் அடினினுக்கும் இடையிலான பிணைப்பு அறுபடுகிறது. கார்டிஃப் குடும்பத்தில் கெட்டிருந்த இரண்டு இடங்களில் ஒன்று அந்த டைரோசின்தான். அதற்குப் பதில் சிஸ்டீன் வந்திருந்தது. தேடும் விரலே போய்விட்டது என்று சொல்லலாம்.

அடினின் போன பின் காலியான இடத்தில் ஏபிஈ1 நொதி இழையை வெட்டும், லாம்டா பாலிமரேஸ், கெட்ட குவானினுக்கு எதிரே சரியான சைட்டோசினை வைக்கும், லிகேஸ் ஒட்டும். இப்போதுதான் ஓஜிஜி1 வந்து அந்தக் கெட்ட குவானினை எடுக்கலாம். இந்த வரிசை மாறக்கூடாது. அடினின் எதிரே இருக்கும்போதே ஓஜிஜி1 குவானினை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் தைமின் வரும், பிழை நிலைத்துவிடும். நல்லவேளை, அந்தச் சோடியை ஓஜிஜி1 ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அதேபோல் மியூட்-ஒய்-எச்சும் புதிய இழையில் உள்ள அடினினை மட்டுமே வெட்ட வேண்டும். பழைய இழையின் அடினினை வெட்டினால் தானே பிழை செய்ததாகிவிடும். நகலெடுக்கும் இடத்தில் இழையைச் சுற்றி வளையமாக இருக்கும் பிசிஎன்ஏ புரதத்தோடு அது சேர்ந்திருப்பது இதற்காகத்தான்.

இவருடைய மாற்றம்

ரத்தப் பரிசோதனையில் மியூட்-ஒய்-எச் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம்: 480ஆம் அமினோ அமிலத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் நிறுத்தக் குறி. பழைய எண்ணிக்கையில் இது 466ஆம் இடம். இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் முன்பே கண்டறியப்பட்டது. நொதியின் வால்பகுதி முழுதாக உருவாவதில்லை. 8-ஆக்சோகுவானினை அடையாளம் காண்பதில் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. பிசிஎன்ஏவைப் பிடிக்கும் கொக்கியும் அதன் கடைசியில்தான் இருக்கிறது. இந்த மாற்றத்தையே டிஎன்ஏ எழுத்தில் பார்த்தால், ஜிஏஜி என்பது டிஏஜி ஆகியிருக்கிறது. என்றோ ஒரு முன்னோரின் கருச்செல்லில் நடந்ததும் ஜி-டி மாற்றம்தான்.

பெருங்குடலில் இது ஏன் இவ்வளவு மோசமாக வெளிப்படுகிறது என்பதற்கு ஏபிசியின் எழுத்தமைப்பே ஒரு விடை தருகிறது. அந்த மரபணுவில் ஜிஏஏ மூன்றெழுத்துகள் நிறைய. அவற்றில் எங்கே ஜி டி ஆனாலும் நிறுத்தக் குறி விழும், ஏபிசி முடங்கும், ஒரு பாலிப் தொடங்கும்.

அம்மாவிடம் திரும்பச் சென்று இதைத்தான் விளக்கினேன். சயனைடு மண் நல்லது என்று சொல்லவில்லை. இந்தக் கட்டியில் உள்ள பிழைகள் ஒரே அச்சில் வார்த்தவை. அந்த அச்சு பிள்ளையின் உடம்பிலேயே பிறவியிலிருந்து இருக்கிறது. மண்ணிலிருந்து தள்ளி இருப்பவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்போ நான் மாமனைக் கட்டினதுதான் தப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா. அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருக்குமே தெரியாதே. ஒரு பிரதி யாருகிட்ட வேணா இருக்கலாம். இப்போ தெரிஞ்சிடுச்சு, மத்தவங்களைக் காப்பாத்தலாம்" என்றேன். அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டியது ஆலோசகரின் கடமை என்று நினைக்கிறேன். மரபியல் அறிக்கை ஒரு தாயின் மேல் பழியாக இறங்கிவிடக்கூடாது.

உடன்பிறந்தவர்கள்

பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அம்மாவின் பரிசோதனையில் ஒரு பிரதி பழுது. தம்பிக்கும் ஒன்றுதான், இரண்டும் பழுதானவர்களுக்குச் சொல்லும் தீவிரக் கண்காணிப்பு அவருக்குத் தேவையில்லை. தங்கைக்கு இரண்டும்.

தங்கைக்கு எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல மேடம், லீவு போட முடியாது" என்று சொன்னவரை நம் நோயாளியின் மனைவிதான் சம்மதிக்க வைத்து அழைத்துவந்தார். கொலனோஸ்கோபியில் ஒரு டஜன் பாலிப்புகள். எல்லாம் புற்றாகும் முன் நிலை. கருவி வழியாகவே எடுத்துவிட்டார்கள். இனி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. முன்சிறுகுடலிலும் பாலிப் வரக்கூடும் என்பதால் மேல்வழி எண்டோஸ்கோபியும் உண்டு. இந்த நோயை முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் 18 முதல் 20 வயதுக்குள் கொலனோஸ்கோபியைத் தொடங்கச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் சற்றுப் பிந்தி, 25 முதல் 30 வயதுக்குள். நம் நோயாளிக்கு மலக்குடல் மிச்சமிருக்கிறது. வருடந்தோறும் அதைப் பார்த்தாக வேண்டும்.

இறந்துபோன அண்ணனுக்கு இதுதான் இருந்ததா என்று இனி உறுதிசெய்ய வழியில்லை. இருந்திருக்கும் என்றே கருதி அவருடைய பிள்ளைகள் இருவரையும் சோதனைக்கு வரச்சொல்லியிருக்கிறோம். அந்த அண்ணனின் மனைவி உறவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டு பிரதியும் பழுதாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கடைசிச் சந்திப்பில் தங்கைதான் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தை எடுத்தார். அண்ணன் மகனுக்கு, அதாவது நம் நோயாளியின் மகனுக்கு, 22 வயது, தன் மகளுக்கு 20. சின்ன வயதிலிருந்தே பேசிவைத்தது. "அண்ணன் பையனுக்குத்தான் கொடுக்கிறதுன்னு இருந்தோம். செய்யலாமா?"

கணக்கு தெளிவு. அப்பாவிடம் இரண்டு பிரதியும் பழுது என்றால் மகனுக்கு ஒன்று நிச்சயம். அம்மாவிடம் இரண்டும் பழுது என்றால் மகளுக்கும் ஒன்று நிச்சயம். இருவரும் சேர்ந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இது சராசரி அத்தை மகள் திருமணத்தின் அபாயம் அல்ல. எந்த மரபணு என்று பெயர் தெரிந்த அபாயம். பெயர் தெரிந்ததால் வழிகளும் உண்டு: கருவை முன்கூட்டியே சோதிக்கலாம், அல்லது பிறந்த பின் பிள்ளை வளர்ந்ததும் சோதித்து, தேவைப்பட்டால் உரிய வயதில் கண்காணிப்பைத் தொடங்கலாம். குழந்தைப் பருவத்தில் தாக்கும் நோய் அல்ல என்பதையும் சொன்னேன். செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளிடமும் யாரும் இன்னும் கேட்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அடுத்த முறை இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதலில் தனித்தனியாகப் பேசுகிறேன் என்று சொல்லி நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.